தாத்தாவின் கப்பலும் ஆறு இலக்கமும்!

போன வாரம் பழைய ஃபவுண்டன் பேனா பத்தி எழுதினதும், "அடுத்து என்னடா, பழைய செருப்பா?"ன்னு ஹாஸ்டல்ல ஒரே கலாய்ப்பு. செருப்பு இல்லை மக்கா, சென்ட் பாட்டில்! கரெக்டா சொன்னா ஆஃப்டர் ஷேவ் பாட்டில். உங்க வீட்டு அலமாரியில, அப்பாவோட ரேசர் பக்கத்துல, வெள்ளை பாட்டில்ல ஒரு பாய்மரக் கப்பல் நின்னுட்டிருக்கா? அதேதான். ஓல்ட் ஸ்பைஸ்.

எங்க வீட்டுலயும் ஒரு கப்பல் உண்டு. தூத்துக்குடி வீட்டு பீரோவுல, தாத்தாவோட பட்டு வேட்டிக்கு அடியில இருக்கும். 1969-ல தாத்தா கல்யாணத்துக்கு, கப்பல்ல வேலை பார்த்த அவரோட சேக்காளி அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்து கொடுத்ததாம். தீபாவளி, பொங்கல், சொந்தக்காரங்க கல்யாணம்னு வருஷத்துக்கு நாலே சொட்டுதான் தாத்தா தொடுவார். அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதை எடுத்து நீட்டி, "அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மணக்குது பாருங்க"ன்னு ஆரம்பிச்சிடுவார். சொல்லும்போது குரல் லேசா கம்மும்.

அந்தக் கதை மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கிளப்பி விட்டவன் என் ரூம்மேட். ஆன்லைன்ல 'ஒரிஜினல் 1950-கள் பாட்டில்'னு ஒண்ணைப் பார்த்து, அவங்க அப்பா பிறந்தநாளுக்கு வாங்க ஆறாயிரம் ரூபாய் எடுத்து வச்சிருந்தான். எல்லாம் மெஸ் பில் கட்ட வேண்டிய பணம்! போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தோம். கம்பெனி முகவரியில நியூ ஜெர்சிக்குப் பக்கத்துல அஞ்சு இலக்கம். அது ஜிப் கோடு, நம்ம ஊர் பின்கோடு மாதிரி. அமெரிக்காவுல அது அறிமுகமானதே 1963 ஜூலையில. அம்பதுகள்ல பிறந்த பாட்டில், அறுபத்து மூணுல வரப்போற நம்பரை எப்படி முதுகுல எழுதிக்கிச்சு? விக்கிறவருக்கு மெசேஜ் போட்டோம். பதில் இல்லை. மறுநாள் பார்த்தா விளம்பரத்துல '1950-கள்' மட்டும் '1960-கள்'னு மாறியிருந்துச்சு. எவ்வளவு நேர்மை!

அன்னிக்குப் பிடிச்ச கிறுக்குதான் பாஸ். இன்டர்னல் எக்ஸாமுக்குக் கூட இப்படிப் படிச்சதில்லை.

இந்தக் கப்பலை ஓட விட்டது வில்லியம் லைட்ஃபுட் ஷல்ட்ஸ்ங்கிற அமெரிக்கர். கம்பெனி பேரு ஷல்ட்டன். 1937-ல முதல்ல வந்தது பெண்களுக்கான ஓல்ட் ஸ்பைஸ். ஆண்களுக்கானது 1938-ல. கிராண்ட் டர்க், ஃப்ரெண்ட்ஷிப்னு பாட்டில்ல வர்ற கப்பல்கள் நிஜமாவே கடல்ல ஓடினவை. ஆரம்ப கால பாட்டில்கள் கண்ணாடியே கிடையாது, பீங்கான்! ஓஹையோ மாநிலத்துல ஹல் பாட்டரிங்கிற மண்பாண்டக் கம்பெனி செஞ்சு கொடுத்தது. அதுக்கு அப்புறம்தான் வெள்ளைக் கண்ணாடி.

1971-ல ஷல்ட்டனை அமெரிக்கன் சயனமிட் வாங்குச்சு. 1990-ல ஓல்ட் ஸ்பைஸ் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கைக்குப் போச்சு. ஸோ, பாட்டில்ல அவங்க பேர் இருந்தா 1990-க்கு முந்தினது இல்லை. 1992 பிப்ரவரியில பழைய பாய்மரக் கப்பலைத் தூக்கிட்டு, அந்த இடத்துல நவீன யாட் ஒண்ணைப் போட்டாங்க. 2008-ல அமெரிக்காவுல கண்ணாடி போய் பிளாஸ்டிக் ஆச்சு, சாம்பல் நிற மூடி சிவப்பாச்சு. அட்டைப் பெட்டி இருந்தா பார்கோடு இருக்கான்னு பாருங்க. இப்போ நாம பார்க்கிற மாதிரி பார்கோடு ஒரு கடையில முதல் முதலா ஸ்கேன் ஆனது 1974 ஜூன்ல, ஒரு சூயிங்கம் பாக்கெட்டுக்கு. அதுக்கு ரொம்ப முந்தின பெட்டியில கறுப்புக் கோடு இருக்க வாய்ப்பு கம்மி.

ப்ராக்டர் காலத்து பாட்டில்ல இன்னொரு ஜாலி மேட்டர், பேட்ச் நம்பரோட முதல் நாலு இலக்கம். முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி எண், மீதி மூணும் அந்த வருஷத்தோட எத்தனையாவது நாள்ங்கிறது. 3045-னு இருந்தா 45-ஆவது நாள், அதாவது பிப்ரவரி 14. காதலர் தினத்துல பிறந்த பாட்டில்! ஆனா வருஷம் 1993-ஆ, 2003-ஆ, 2013-ஆன்னு அது சொல்லாது. அதை கப்பலையும் மூடியையும் வச்சு நாமதான் கண்டுபிடிக்கணும்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இந்த அடையாளம் எல்லாமே 'இதுக்கு முன்னாடி இல்லை'ன்னு மட்டும்தான் சொல்லும். ஜிப் கோடு இருந்தா 1963-க்குப் பிறகு, சரி. இல்லைன்னா? 1963-க்கு முன்னாடின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அச்சடிச்ச பழைய ஸ்டாக்கை எந்தக் கம்பெனியும் குப்பையில கொட்டாது, தீர்ற வரைக்கும் ஓட்டும். மேத்ஸ்ல நாம தூங்கிட்டே கவனிச்ச இன்ஈக்வாலிட்டிதான் இது. ஒரு பக்க எல்லை கிடைக்கும், இன்னொரு பக்கத்துக்கு வேற சாட்சி தேடணும்.

அப்புறம் பாட்டில் வேற, பெட்டி வேற, உள்ள இருக்கிற திரவம் வேற. மூணும் ஒரே வயசுன்னு யார் சொன்னது? மூடியைத் திறந்து எதை வேணும்னாலும் ஊத்தலாம். வெள்ளைக் கண்ணாடிங்கிறதால கலரும் தெரியாது. இருட்டுல பாட்டிலுக்குப் பின்னாடி செல்போன் டார்ச்சை வச்சுப் பாருங்க, மட்டம் நிழல் மாதிரி தெரியலாம். சீல் உடைச்சு புழங்கின பாட்டில்ல ஆல்கஹால் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். கழுத்து வரைக்கும் நிரம்பி இருந்தா உஷார். மூக்கை மட்டும் நம்பாதீங்க. பழசுல மேலோட்டமான வாசனைகள்தான் முதல்ல போகும். அதனால, புதுசு மாதிரி மணக்கலைன்னா டூப்ளிகேட்னு அர்த்தம் இல்லை.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனேன். பஸ்ல போகும்போதே பிளான் ரெடி. தாத்தா பாட்டிலுக்கு பக்காவா தேதி போட்டு, ஒரு அட்டையில எழுதி, அப்பாவுக்கு சர்ப்ரைஸா ஃப்ரேம் பண்ணிக் கொடுக்கணும்.

மத்தியானம், அப்பா வேலைக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். கப்பல் இருக்கு. எழுத்து பளிச்சுன்னு இருக்கு, கொஞ்சம் ஓவர் பளிச். டார்ச் அடிச்சேன். கால் பாட்டில் கூடக் குறையலை. வயித்துல ஏதோ பிசைய ஆரம்பிச்சது. திருப்பிப் பார்த்தா, பொடி எழுத்துல கோவா. பக்கத்துல 403-ல ஆரம்பிக்கிற ஆறு இலக்கம். இந்தியாவுல பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. தாத்தா கல்யாணம் 1969.

அமெரிக்காவுல இருந்து வந்ததும் இல்லை, கல்யாணத்துக்கு வந்ததும் இல்லை.

அடுப்படியில ஆச்சி மொளகா காம்பு கிள்ளிட்டு இருந்தாங்க. பாட்டிலை நீட்டி, "ஆச்சி, இது அந்த பாட்டில் இல்லதானே?"ன்னேன். நிமிர்ந்து கூடப் பாக்கலை.

"அது ஒடைஞ்சு எத்தன வருசமாச்சு! ஒங்க அத்தை கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவ நகட்டுனேன், விழுந்துட்டு. அவுக வாரதுக்குள்ள பஜாருக்கு ஓடி, கப்பல் போட்ட பாட்டில் குடும்னு கேட்டு வாங்கியாந்து வச்சேன்."

"தாத்தா கண்டுபிடிக்கலையா?"

"கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிற மனுசம்ல அவுக. கோவான்னு எழுதியிருக்கது தெரியாமலா போவும்? மறுநா கல்யாணத்துக்கு எடுத்துப் பூசுனாக. என்னைய ஒரு பார்வ பாத்தாக. ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல."

காம்பு கிள்ளுறது மட்டும் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம், "ஒங்க அப்பன்ட்ட சொல்லாத, என்ன"ன்னாங்க.

சரின்னுதான் சொன்னேன். பாட்டிலைத் திரும்ப பட்டு வேட்டிக்கு அடியில வச்சுட்டேன். அட்டை என் பையிலயே வெறுமையா இருக்கு. பிரச்னை என்னன்னா ஃப்ரெண்ட்ஸ், நான் இங்க இன்டர்னா சேர்ந்ததுல இருந்து அப்பா இந்தப் பக்கத்தை ஒரு வாரம் விடாம, பேனாவால கோடு போட்டுப் படிக்கிறார்.

அப்பா... இது வரைக்கும் வந்துட்டீங்களா? ஆச்சியைத் திட்டாதீங்க, ப்ளீஸ்.