கார்ப்பரேட்டர் வீட்டுக் கணக்கு

குடிநீருக்காகவும் சாக்கடை அடைப்புக்காகவும் வார்டு கார்ப்பரேட்டரின் வாசலில் நின்றிருப்பீர்கள். அவருடைய மாத வருமானம் என்னவென்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

2015ஆம் ஆண்டு தெலங்கானா அரசு மேயரின் மதிப்பூதியத்தை 50,000 ரூபாயாக உயர்த்தியது. கார்ப்பரேட்டருக்கோ 4,000 ரூபாய் 6,000 ஆயிற்று, அவ்வளவே. 2020 ஐதராபாத் மாநகராட்சித் தேர்தலில் வேட்பாளர் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 5 லட்சம். மாதம் 6,000 வீதம் ஐந்தாண்டுகளுக்குக் கூட்டினாலும் 3,60,000தான்! பெட்ரோல், கல்யாண மொய், துக்க வீட்டு மாலை, வருகிறவர்களுக்குத் தேநீர் ஆகியவை தனி. தமிழகத்தில் 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றாயிற்று. அதற்குமுன் கூட்டத்திற்கு வந்தால் படி, அவ்வளவுதான்.

ஆகவே, லஞ்சம் வாங்க மனமில்லாதவரின் பாரத்தை அவர் வீட்டாரே சுமக்கிறார்கள். 2020 ஐதராபாத் தேர்தலின் 150 வார்டுகளில் பாதி பெண்களுக்குரியவையாக இருந்தன. பிள்ளைக்குச் சோறு கட்டும் வேளையில் வாசலில் பத்துப்பேர் நிற்பார்கள். கணவர் அடுப்படியில் கைகொடுத்தால் அவள் பிழைத்தாள். (மனைவியின் நாற்காலியில் கணவரே அமர்ந்துகொள்ளும் வீடுகளும் உண்டு, அது உதவியல்ல.)

உங்கள் வீட்டில் ஒருவர் போட்டியிட விரும்பினால், கோபுரம் கட்டுமுன் செலவை எண்ணியவனைப்போல, கணவனும் மனைவியும் முதலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யாருடைய சம்பளத்தில் அடுப்பெரியும்? எந்த மாலைவேளை பிள்ளைகளுக்கென்று கதவடைக்கப்படும்? இவற்றை எழுதியபின் மனுத்தாக்கல் செய்யலாம். போட்டியிடாத நாமும், கார்ப்பரேட்டருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு மொய்க் கவரை எதிர்பார்ப்பதை நிறுத்தலாமே.