"சூப்பர் தம்பி" என்று எழுதிவிட்டு நகர்ந்தோம்

போன கிழமை எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் முகநூலில் ஒரு படம் போட்டிருந்தார். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கும் பிள்ளை. கையில் இருப்பது சாதாரண போன்தான். மாரி மழைக்கு ஒதுங்கி, சந்தைச் சந்தியில் பூட்டிய கடையொன்றின் வாசலில் நம் எல்லோருக்கும் தெரிந்த மீன்கார காக்கா நிற்கிறார். சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி. நனைந்த காசை எண்ணிக்கொண்டிருக்கிறார். படத்துக்கு மேலே "வறுமையின் முகம்" என்று தலைப்பு.

"மாஷா அல்லாஹ்", "சூப்பர் தம்பி", இதயம், கைதட்டல் என்று குவிந்தன. நாமும் ஒரு லைக்கைப் போட்டுவிட்டு நகர்ந்தோம். அடுத்த நாள் ஒருவர், "இதெல்லாம் ஒரு போட்டோவா? போனை வித்துட்டு வேற வேலையப் பாரு" என்று எழுதினார். அதற்குப் பலர் சிரித்தார்கள். அன்றிரவே படம் காணாமல் போய்விட்டது.

அந்த ஒருவரை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. அத்தனை "சூப்பர்"களில் ஒன்றிலாவது படத்தை நின்று பார்த்த அடையாளம் இருந்ததா? கொப்பி திருத்தும் நமக்கு இது தெரியும். "நன்று" என்று மட்டும் எழுதினால் அடுத்த கட்டுரையும் அதே பிழையோடு வரும். பக்கம் முழுக்கச் சிவப்புப் பேனையால் வெட்டினால் பிள்ளை கொப்பியையே ஒளித்துவிடும். (இரண்டையும் நாம் செய்திருக்கிறோம்.)

என்ன சொல்லியிருக்கலாம்? "தம்பி, முதலில் எங்கள் கண் போனது அந்த விரல்களுக்குத்தான். ஈர நோட்டு விரலில் ஒட்டியிருப்பதைக் கண்டு எடுத்திருக்கிறீர்கள்" என்று தொடங்கியிருக்கலாம். பிறகு, மின்கம்பம் காக்காவின் தலையில் முளைத்தது போல் நிற்பதையும், ஓரடி தள்ளி நின்றிருந்தால் அது விலகியிருக்கும் என்பதையும் சொல்லியிருக்கலாம். பெட்டியின் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. அன்று மீன் விற்றதா, மிஞ்சியதா என்ற கதை அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது! கறுப்பு வெள்ளையாக மாற்றியது ஏன் என்று கேட்டிருக்கலாம், காரணம் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே கமெண்டில் கொட்டவும் தேவையில்லை. ஒன்றிரண்டு போதும்.

ஆனால் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியது தலைப்பைப் பற்றி. காக்கா எப்போதாவது நம்மிடம் தன்னை ஏழை என்று சொன்னாரா? படத்தில் இருப்பவர் தொழில் செய்து காசு எண்ணும் மனிதர். வறுமையைத் தலைப்புத்தான் கொண்டுவந்து ஒட்டியது. அவருடைய பேத்தி எங்கள் பாடசாலையில் படிக்கிறாள். அவள் வீட்டிலும் போன் இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லேங், 1936 இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் ஒரு தாயைப் பிள்ளைகளோடு படமெடுத்தார். ஒன்றோடு நிறுத்தாமல் நெருங்கி நெருங்கிப் பல படங்கள் எடுத்தார். அதில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் 1978 இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற மனவருத்தம் அவருக்கு இருந்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே தவறிய இடம் அது. நம் தம்பிக்கோ காக்காவின் பெயர், வீடு எல்லாம் தெரியும்.

நேற்று அவரோடு பேசினோம். போனில் இன்னும் சில படங்கள் அழியாமல் இருக்கின்றன. ஒன்றில் பெட்டி முழுதாகத் தெரிகிறது, காக்கா மழையைப் பார்த்துச் சிரிக்கிறார். அதைப் பிரிண்ட் எடுத்து முதலில் காக்காவிடம் காட்டச் சொல்லியிருக்கிறோம். அவர் சம்மதித்தால் மறுபடி போடுவாராம். அப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள், லைக்கோடு சேர்த்து, படத்தில் என்ன கண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். நாமும் எழுதுவோம்.