வெயில் சாய்ந்தால் நிழல் நீளும்

"கேவிஎம்மில் ஓடும் மெய்நிகர் கணினி, அதைத் தாங்கும் நிஜக் கணினியைவிட வேகமாக வட்டில் எழுதுகிறது, எண் பொய் சொல்லாது" என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் நண்பர். நிழல் ஆளைவிட நீளமாக விழுந்தால் ஆள் வளர்ந்துவிட்டான் என்றா சொல்வோம்? வெயில் சாய்ந்துவிட்டது என்போம்.

அவர் கட்டுரையில் கேச் அமைப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. கேவிஎம்மோடு சேர்ந்து மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவில் அதை 'அன்சேஃப்' என்று வைத்துப் பாருங்கள். 'தரவை வட்டில் இறக்கு' என்று உள்ளிருந்து வரும் எஃப்சிங்க் கட்டளை வட்டுவரை போகவே போகாது. தரவு ஹோஸ்டின், அதாவது தாங்கும் கணினியின், நினைவகத்திலேயே கிடக்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும். அது வேகமல்ல, வேலையே முடியாமல் கொடுத்த ரசீது. கேச்சை 'நன்' என்று மாற்றி, நினைவகத்தைவிடப் பெரிய கோப்பை எழுதி, பத்து முறை ஓட்டி, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அப்படிச் சொன்னால்தான் மற்றவர் சரிபார்க்க முடியும். 2003-இல் கேம்பிரிட்ஜ் குழு ஸென் என்ற மெய்நிகராக்க மென்பொருள் பற்றி எண்களை வெளியிட்டது. மறு ஆண்டே கிளார்க்சன் பல்கலைக்கழகத்தார் அந்தச் சோதனைகளைத் தாங்களே ஓட்டிப் பார்த்தார்கள். முடிவுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது.

திறந்த மூலத்தில் நிரலை மட்டும் திறந்தால் போதாது. அளந்த விதத்தையும் திறக்க வேண்டும்.