ஈட்டி மரமும் நம் பெருமிதமும்

குச்சனூரில், சுரபி நதிக்கரைக்கு அருகே நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அண்மையில் ஒரு கிதாரைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் டி-28. முன்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி. 1906இல் கடலில் இறங்கிய 'டிரெட்நாட்' போர்க்கப்பலின் பெயரை இந்தப் பேருடல் கிதார் வகைக்குச் சூட்டியது பொருத்தமே. தடித்த தந்தியை மீட்டினால் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்கிறது.

"இது நம் மலையின் சாதி மரமாக்கும்" என்று நண்பர் மேற்கே கை காட்டினார். வெற்றுப் பெருமையன்று. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும் 1969இல் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. தோதகத்தி என்றும் நாம் அழைக்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது.

ஆயினும் சேகரிப்பாளர்கள் பழைய பிரேசில் மரக் கிதார்களுக்கே பெருவிலை தருகிறார்கள். நம் ஈட்டி அவர்களுக்கு இரண்டாந்தரம். இதில் எங்களுக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. பின்பலகை, பக்க மரங்களில் மட்டுமே வேறுபட்ட ஆறு கிதார்களை 52 கலைஞர்கள், மரம் இன்னதென்று தெரியாதபடி மங்கிய ஒளியில் கண்ணாடி அணிந்து வாசித்தனர். ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பீடுதான் கிடைத்தது.

மகிழ்ந்தோம். பிறகுதான் உறைத்தது: பிரேசில் மரம் உயர்வில்லையெனில் நம் ஈட்டியும் உயர்வில்லை. செவிக்குப் பேதம் தெரியாத ஒன்றுக்காகவா மெல்ல வளரும் ஒரு காட்டு மரம் விழ வேண்டும்? டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

ஈட்டியின் அழகை, வளைத்துச் செதுக்க இணங்கும் குணத்தை நாம் மறுக்கவில்லை. ஏற்கெனவே உருவான கிதாரைப் பேணி, தலைமுறை கடந்து வாசிப்பதே அம்மரத்துக்குச் செய்யும் மரியாதை. புதிதாக வாங்குவோர் வேறு மரத்தைக் கேட்கட்டும். இழப்பு கண்ணுக்கு மட்டுமே.

இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா கிதாரைத் தமிழ்த் திரையிசையில் நிலைநிறுத்தினார். அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நாம், கிதாரின் பின்பலகை எந்த மரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பெருமிதம் அந்த இசையில் இருக்கட்டும். ஈட்டி மலையிலேயே நிற்கட்டும்.