அம்மாவுக்கு ஐம்பது குஞ்சு வேண்டாம், ஒரு அடைக்கோழி போதும்



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர், "சார், ஊர்ல அம்மா தனியா இருக்காங்க. நாமக்கல்ல 50 கோழிக்குஞ்சு வாங்கி மலைக்கு ஏத்தி விடலாம்னு இருக்கேன். பொழுதும் போகும், வருமானமும் வரும்" என்று எழுதியிருந்தார். கீழே இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே நீளமாக எழுதுகிறேன். வகுப்பில் மணி அடிக்கும் முன்பே பையைத் தூக்கியவர்கள் இப்போதும் பாதியில் போகலாம், கோபம் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிக்கு மலையிலேயே ஒரு நல்ல அடைக்கோழியும் ஒரு சேவலும் வாங்கிக் கொடுங்கள். மீதியில் கூட்டுக்குக் கதவும் கம்பிவலையும் போடுங்கள்.

நாமக்கல்லைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கினால் நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊர். அங்கே கூண்டில் நிற்கும் ஒரு கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடும். நீங்கள் எல்லாம் சத்துணவில் சாப்பிட்ட முட்டை அங்கிருந்து வந்ததுதான். நம் வாசலில் திரியும் கோழி ஆண்டுக்கு 50, 60 முட்டை இட்டால் பெரிது. 12, 15 முட்டை இடும், பிறகு அடை உட்காரும், 21 நாள் அசையாது, குஞ்சோடு இரண்டு மாதம் சுற்றும். கணக்குப் போட்டால் நம் கோழி தோற்றுவிடும். ஆனால் 50 கோழி வளர்ந்தால் ஒரு நாளைக்கு நாலரைக் கிலோ தீனி வேண்டும். மூட்டுவலியோடு இருக்கும் அம்மா அதை எங்கே வாங்கி, எப்படித் தூக்கி வருவார்? 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற தீவனத்துக்கு வண்டி வாடகையும் சேரும். நம் கோழிக்குத் தீனி யாரும் வாங்குவதில்லை. காலையில் கூட்டைத் திறந்தால் அது தன் வேலையைப் பார்க்கப் போகிறது.

அது போகிற இடத்தைத்தான் நீங்கள் மறந்துவிட்டீர்கள். மேலே வல்லூறும் பருந்தும் காக்கையும். கீழே கீரி, காட்டுப்பூனை, மரநாய், சாரைப்பாம்பு, போதாக்குறைக்குத் தெருநாய். இத்தனைக்கும் நடுவில் ஒரு குஞ்சு பிழைப்பதற்குத் தாய்தான் காரணம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது செல்போனை வைத்துவிட்டு வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். வானத்தில் வல்லூறு தெரிந்தால் கோழி மெல்லிய, நீண்ட ஒரு குரல் கொடுக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று பருந்துக்குப் பிடிபடாது. குஞ்சுகள் அப்படியே செடிக்கடியில் பதுங்கிவிடும். கீரியோ நாயோ தரையில் வந்தால் குரல் வேறு. கொக்கக் கொக்கக் என்று ஊரையே கூட்டும். மேலே இருந்து வருவதற்கு ஒரு சொல், தரையில் வருவதற்கு ஒரு சொல். பறவை ஆய்வாளர்கள் இதை ஒலிப்பதிவு செய்து, திரும்பப் போட்டுக் காட்டி உறுதி செய்திருக்கிறார்கள். நம் அப்பத்தாக்களுக்கு அந்த ஒலிப்பதிவு தேவைப்படவில்லை. உள்ளே களி கிண்டிக்கொண்டே "வல்லூறு வந்துருச்சு பாரு" என்பார்கள்.

இன்குபேட்டரில் பொரித்த 50 குஞ்சுக்கு அந்தக் குரலைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வண்டியில் கூடை கட்டிக்கொண்டு பச்சை, ரோஸ் என்று சாயம் அடித்த குஞ்சு விற்க வருவார்களே, அவற்றின் கதி உங்களுக்கே தெரியும். முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள் அவை. பிள்ளைகள் அழுது வாங்குவார்கள். ஒரு வாரத்தில் காக்கை கணக்கு முடித்துவிடும்.

மானியத்தில் கிடைக்கிற வனராஜா, கிரிராஜா மாதிரி இனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வனராஜா ஹைதராபாத்திலும் கிரிராஜா பெங்களூரிலும் உருவாக்கிய நல்ல இனங்கள். எடை கூடும், முட்டை கூடும். வேலி போட்டு, தீனி கொடுத்து, பக்கத்திலேயே ஆள் இருந்து வளர்க்கிறவர்களுக்கு ஏற்றவை. ஆனால் உடம்பு கனம், ஓட்டம் குறைவு, அடை படுக்கும் குணமும் குறைவு. இந்த ஆண்டு வாங்கினால் அடுத்த ஆண்டும் வாங்க வேண்டும். நம் வெடைக்கோழி கீரியைக் கண்டால் கூரை மேல் ஏறி நிற்கும். அந்தப் புத்தி விலை போட்டு வருவதில்லை.

வாசல் என்பது கோழி மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டுக்கொட்டகை பக்கத்தில் கோழி ஏன் சுற்றுகிறது? மாட்டின் தொடையிலும் காதோரத்திலும் இருக்கும் உண்ணியைக் கொத்தித் தின்னத்தான். படுத்திருக்கும் மாடு தலையைக்கூட அசைக்காது. சாணத்தைக் கிளறிப் புழுவை எடுக்கும், ஈ குறையும். பருந்து வந்தால் மாட்டின் வயிற்றுக்கடியில் ஓடி நிற்கும். தோட்டத்து மரத்தில் கரிச்சான் கூடு கட்டியிருந்தால் இன்னும் நல்லது. நம் பக்கம் இரட்டைவால் குருவி என்பார்கள். கைப்பிடி அளவு இருந்துகொண்டு பருந்தின் தலையில் கொத்தி விரட்டும். தன் கூட்டுக்காகத்தான் அது சண்டை போடுகிறது, கீழே இருக்கும் குஞ்சுக்கு இலவசக் காவல்.

தொல்லையும் உண்டு, மறைக்க மாட்டேன். மிளகுக்கொடியின் வேர் மேலாகவே ஓடும். கோழி கிளறினால் வேர் வெளியே வந்துவிடும், கொடி வாடும். அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தி என்றால் சொல்லவே வேண்டாம். கோழிச் சண்டையில் அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடுகளை இந்த மலையில் நான் பார்த்திருக்கிறேன். மிளகுக்கொடி அடியில் கல்லோ முள்ளோ சுற்றிப் போட்டால் கோழி நிற்காது. அண்ணன் தம்பிக்கு எனக்கு மருந்து தெரியாது.

இப்போது எனக்கு மனசு கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் பள்ளியில் சேர்ந்த காலத்தில் செம்மேட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சாமைக்காடு இருந்தது. அறுத்துக் களத்தில் போட்டு மாடு மிதிக்கும்போது சிதறியதைக் கோழி மாதக்கணக்கில் பொறுக்கியது. புடைக்கும்போது விழுந்த குருணையும் அதற்குத்தான். பிறகு சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மலை ஏறியது. கையில் காசு வந்தது உண்மை, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மரவள்ளிக் காட்டில் கோழிக்குப் பொறுக்க ஒரு மணி கிடையாது. இலையையும் தோலையும் தின்ற ஆடு செத்துப்போனதைப் பார்த்திருக்கிறீர்கள், அதில் சயனைடு விஷம் ஊறுகிறது. சாமை குறைந்த வீட்டில் கோழியும் குறைந்தது என்பது என் கண்ணால் கண்ட கணக்கு. அரைக் காணி சாமை போடுங்கள் என்று நான் சொன்னால் "யாரு சார் களை எடுக்கிறது" என்கிறீர்கள். சரி, கொல்லையில் நாலு வரிசை கேழ்வரகாவது போடுங்கள்.

அதுவும் முடியாதா? ஒரு பழைய மண்பானை போதும். கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம் இரண்டையும் பானையில் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கிற இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் திறந்தால் பானை நிறையக் கறையான். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி எந்தக் கடையிலும் இல்லை.

அடுத்து விஷம். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கீரி கோழியைத் தூக்கிவிட்டது என்று கோபத்தில், செத்த கோழியின் வயிற்றில் பயிருக்குப் போடும் மருந்தை வைத்துப் புதர் ஓரம் போடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் எங்கள் தெருவில் யாரோ அப்படி வைத்தார்கள். இரண்டு நாயும் ஒரு ஆந்தையும் செத்தன. கீரி மறுநாளும் வந்தது. கீரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொல்வது குற்றம். அது போகட்டும், நம் குதிரையும் மரவள்ளிக் கிழங்கையும் அரிக்கிற எலியைத் தின்பது யார்? ஆந்தையும் கீரியும் சாரையும்தான். ஆண்டுக்கு இரண்டு கோழியை எடுத்துக்கொண்டு எலிக்காவல் பார்க்கிற ஆளை நான் வேலையை விட்டு நிறுத்த மாட்டேன். இருட்டும் முன்பு கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்து மேலே கல் வைத்தால், அல்லது கூட்டுக்குச் சின்னக் கண் வலை அடித்தால், அந்த இரண்டும் மிச்சமாகும்.

உண்மையில் இப்போது கோழிக்குப் பெரிய எதிரி காட்டிலிருந்து வருவதில்லை. ஆகாய கங்கைக்கு வருகிறவர்கள் வீசிப்போகும் பிரியாணிப் பொட்டலத்தில் வளர்ந்த நாய்க்கூட்டம் அது. சுற்றுலா இல்லாத நாளில் பசியோடு வீட்டு வாசலுக்கு வருகிறது. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பிஸ்கட் கொடுத்துப் பழக்கிய குரங்குகளும் அப்படித்தான், அடைக்கூடையில் கைவிட்டு முட்டையை எடுத்துப் போகின்றன. நீங்கள் நண்பர்களை அழைத்து வரும்போது அந்தப் பொட்டலத்தைத் திரும்பக் கீழே எடுத்துப் போங்கள். உங்கள் அம்மாவின் கோழிக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

காட்டுக்கோழியையும் மறக்கக் கூடாது. விடியற்காலையில் காபித் தோட்டத்து ஓரம் கூவுகிறதே, சாம்பல் காட்டுக்கோழி, அது இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. அதன் பிடரி இறகுக்காகவே ஒரு காலத்தில் பிடித்து, ஐரோப்பாவில் தூண்டில் பூச்சி கட்ட அனுப்பினார்கள். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று பாடத்தில் சொல்லியிருப்பேன். 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் மரபணுவைப் பார்த்து ஒரு திருத்தம் சொன்னார்கள். பல கோழிகளின் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் வந்தது நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து. அமெரிக்காவில் பொட்டலத்தில் விற்கிற கோழிக்கும் நம் மலைக்காட்டுக் கோழிக்கும் தாயாதி உறவு என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பை விடுங்கள். உறவு நெருக்கம் என்றால் நோயும் நெருக்கம். கீழேயிருந்து பெட்டியில் வரும் 50 குஞ்சில் ஒன்றுக்கு வெள்ளைக் கழிச்சல் இருந்தால் அம்மாவின் வாசலோடு நிற்காது. தெருவே காலியாகும். கழுத்து திருகி, இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் கொத்துக்கொத்தாகச் சாகும். காட்டுக்கோழிக்கும் தொற்றினால் அதைக் கணக்கெடுக்கவும் ஆள் இல்லை. நம் ஆட்கள் இன்னும் இரண்டு தவறு செய்கிறார்கள். நோய் கண்டதும் மீதிக் கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளுவது ஒன்று. செத்ததை ஓடையிலோ புதரிலோ வீசுவது இன்னொன்று. வீசியதை நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மலையில் ஒரு அம்மாவின் சொந்தக் காசு என்பது கோழிதான். மிளகுக் காசும் காபிக் காசும் ஆண்கள் கைக்குப் போகும். முட்டை விற்றதும் சேவல் விற்றதும் அவர் முந்தானையில் முடிந்துகொள்வார். உங்களில் எத்தனை பேருடைய ஜியாமெட்ரி பாக்ஸும் சுற்றுலாக் கட்டணமும் அந்த முடிச்சிலிருந்து வந்தது என்று பெயர் சொல்லியே சொல்வேன், வேண்டாம். நீங்கள் மாதம் அனுப்பும் பணத்தை அவர் உங்கள் பணம் என்றுதான் சொல்கிறார். கோழிக் காசை மட்டும்தான் என் பணம் என்கிறார். 50 குஞ்சு வந்து செத்தால், கூடவே இருந்த நாலு கோழியும் செத்தால், அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஆகவே பெங்களூர் தம்பிக்கு: ஏற்கெனவே இரண்டு முறை பொரித்து, குஞ்சைக் காப்பாற்றிப் பழகிய கோழியாகப் பக்கத்துச் சிற்றூரில் கேட்டு வாங்குங்கள். கொண்டுவந்ததும் பத்துப் பதினைந்து நாள் தனியாக அடைத்து வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு விடுங்கள். கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, காசு இல்லை. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையில் ஊசி போடுவார்கள். ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். முகாம் காலையில் சீக்கிரம் நடக்கும், கோழி அதற்குள் காட்டுக்குப் போய்விடும். அதனால் முந்தின இரவே அம்மாவுக்குப் போன் போட்டு, "காலையில கூட்டைத் திறக்காதீங்கம்மா" என்று சொல்லுங்கள். இந்த முறை தேதி தெரிந்ததும் குழுவில் போடுகிறேன்.