டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி வழியில் நின்றால் முதலில் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். பின்னால் போய் டேங்கிலிருந்து தொடங்குங்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் அப்படிச் செய்யாமல் பட்ட அவமானம்தான் தகுதி.

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. சில வருடங்களுக்கு முன் அதற்கு ஒரு வியாதி வந்தது. இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு இரண்டு மூன்று முறை திணறி அணைந்துவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டு செல்ஃப் அடித்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

அதில் இருந்தது சோலெக்ஸ் கார்புரேட்டர். சோலெக்ஸ் பிரெஞ்சுக் கம்பெனி. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அதன் குணம் எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு. "தம்பி, கோளாறு கார்புரேட்டரில்தான்" என்று மெக்கானிக்கிடம் தீர்ப்பே சொல்லிவிட்டேன். அவரும் கழற்றி, ஜெட்டுகளைச் சுத்தம் செய்து மாட்டினார். வியாதி போகவில்லை. அடுத்து பெட்ரோல் பம்பு மாற்றப்பட்டது. அப்போதும் போகவில்லை. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்று யாரோ சொல்ல, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனேன். கடைசியில் பொறுமை இழந்து, "பழைய சாமானை மாட்டிவிட்டுப் புதிதுக்குக் காசு வாங்குகிறாயா?" என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒரு மார்கழி விடியற்காலை, சென்னைக்குப் போகும் வழியில், மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. நல்ல குளிர். சூட்டைக் குறை சொல்ல முடியாது. என் மனைவி, "என்னங்க, முதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க" என்றாள். முந்தின நாள்தான் டேங்கை நிரப்பியிருந்தேன். அவள் வாயை அடைப்பதற்காகவே போய் மூடியைத் திறந்தேன். "புஸ்" என்று காற்று உள்ளே போனது. செல்ஃப் அடித்தேன். உடனே கிளம்பியது.

விஷயம் இதுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய மூடியில் அதற்குச் சின்ன வழி இருந்தது. அதன் பூட்டு துருப்பிடித்ததால் கடைத்தெருவில் ஒரு புது மூடி வாங்கி மாட்டினேன். அதில் காற்று வழி இல்லை. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போனதும் வண்டி எழுந்துகொள்ளும். டேங்க் நிறைந்திருந்த நாட்களில் சீக்கிரம் நின்றதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. மேலே காற்றுக்கு இருந்த இடம் குறைவு. மூடியை மாற்றியவன் நான். பழி சுமந்தவர் அவர்.

பள்ளியில் எங்களுக்குத் தெக்கார்த் சொல்லிக்கொடுத்தார்கள். எளியதிலிருந்து தொடங்கு, படிப்படியாகக் கடினமானதற்குப் போ, எதையும் விட்டுவிடாதே என்பது அவருடைய முறை. ஆபீசிலும் அப்படித்தானே? கோப்பு நகரவில்லை என்றால் நேரே மேலதிகாரியின் அறைக்கு ஓடமாட்டோம். தபால் பிரிவிலிருந்து ஒவ்வொரு மேசையாக விசாரிப்போம். ஆயுள் முழுக்க அதைச் செய்தவன் என் காருக்கு மட்டும் செய்யவில்லை.

ஆகவே வரிசை இது. பெட்ரோல் இருக்கிறதா? மூடியைத் தளர்த்தினால் வண்டி ஓடுகிறதா? ஃபில்டரில் டேங்கின் துரு சேர்ந்திருக்கிறதா? ரப்பர் டியூபில் வெடிப்பு உண்டா? இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் டியூபை வருடம் ஒரு முறையாவது பாருங்கள். அடுத்தது பம்பு. ஆயில் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். இவ்வளவும் சரி என்றால்தான் கார்புரேட்டர். எதைக் கழற்றினாலும் எஞ்சின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

இந்த வரிசைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. கோளாறு வருவதற்கு முன் கடைசியாக நாம் கை வைத்த இடம் எது என்று யோசிக்க வேண்டும். முதல் சந்தேகம் அங்கேதான் விழ வேண்டும், அடுத்தவர் மேல் அல்ல.

சென்னையிலிருந்து திரும்பியதும் பட்டறைக்குப் போனேன். நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்தே போனேன். "தம்பி, தப்பு என்னுடையது" என்று மூடியை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானும் இதைத் திறந்து பாக்கலையே சார்" என்றார். பழைய சாமான்களில் தேடி, காற்று வழி உள்ள ஒரு மூடியை எடுத்து மாட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.