சுற்றறிக்கை அனுப்பியாச்சு, சரி. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?



இன்னைக்கு மீம் இல்லை. யாருக்கும் பதிலடியும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, டீ குடிச்சுக்கிட்டே படிங்க. ஆனா பாதியில ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு வேலை கேட்கப் போறேன்.

என் சித்தி பையனுக்கு இப்போ 21 வயசு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. எங்க ஊர்ல இருக்கிற ஒரு பகல் நேர மையத்துக்குப் போறான். அங்க இருக்கிற சிறப்பாசிரியர் அக்காதான் அவனுக்கு எல்லாம். அவங்க பேர் வேண்டாம், அக்கான்னே சொல்றேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க. "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, இதுல என்னதான் சொல்லியிருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்துச்சு. பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஸ்கேன் பண்ணின பேப்பர், அதுவும் கோணலா. காப்பி பண்ணி டிரான்ஸ்லேட்ல போடக்கூட முடியாது. முதல் நாலு பக்கம் எந்தக் கடிதத்தைப் பார்வையில கொள்ளணும்னு எண்களா ஓடுது. ஒன்பதாவது பக்கத்துலதான் விஷயம் இருந்துச்சு. மையத்துல இருக்கிற எல்லாருடைய யுடிஐடி எண்ணையும் இணையதளத்துல ஏத்தணுமாம். கடைசி நாள் திங்கட்கிழமை.

அக்கா மையத்துல 23 பேர். ஒன்பது பேருக்கு யுடிஐடி அட்டையே கிடையாது. நடுவுல இருக்கிறது சனியும் ஞாயிறும்.

"சேவை வழங்குவோருக்கான புதிய அறிவிப்பு"ன்னு சொல்லுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும். அந்தச் சேவை வழங்குபவர் யாருன்னு ஒரு நாள் போய்ப் பாருங்க. காலையில பிள்ளைகளை வேன்ல இருந்து தூக்கி இறக்குவாங்க. ஒருத்தனுக்கு வலிப்பு வந்தா மடியில போட்டுக்குவாங்க, இன்னொருத்தனுக்கு சோறு ஊட்டுவாங்க, துணி மாத்துவாங்க. நடுவுல பாடம். எல்லாம் முடிஞ்சு நாலு மணிக்கு மேல ரிஜிஸ்டரை எடுத்து உட்காருவாங்க. இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல தன்னுடைய பதிவைப் புதுப்பிக்கிற வேலையும் அவங்களுடையதுதான். மையத்துக்கான பதிவுக்குக் காகிதம் தயார் பண்றதும் அவங்கதான். அவங்க கையில இருக்கிறது ஸ்க்ரீன் உடைஞ்ச ஒரு போன்.

இந்த விதிகள் எல்லாம் தேவையில்லைன்னு நான் சொல்ல வரல. அப்படிப் புரிஞ்சுக்காதீங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில எரிஞ்சு செத்தாங்க. அவங்க மனநோய்க்காகக் கொண்டு வரப்பட்டவங்க. அறிவுசார் குறைபாடு வேற, மனநோய் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. ஆனா யாரும் கேட்க ஆள் இல்லாத இடத்துல பலவீனமானவங்களை அடைச்சு வச்சா என்ன நடக்கும்ங்கிறதுக்கு அதுதான் சாட்சி. பதிவுச் சான்று இல்லாம மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக்கூடாதுன்னு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுது. சொல்லத்தான் வேணும். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் 7 வகையா இருந்த பட்டியல் 21 வகையாச்சு. 1995 சட்டத்தோட பட்டியல்ல ஆட்டிசம் என்ற பேரே கிடையாது.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். விதி மாறுது, திட்டம் மாறுது, தேதி மாறுது. அந்தத் தகவல் யாருக்குப் போகுது?

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். நிராமயான்னு ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கு. 1999 சட்டத்தால உருவான தேசிய அறக்கட்டளை நடத்துறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலு வகைக்கும் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேரும்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் இல்லை, தெரபிச் செலவுக்கும் ஒரு வரம்பு வரைக்கும் பணம் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு நல்ல திட்டம் நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அதை ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாத்தான் சித்தி செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள குடும்பம்ங்கிறதால அப்போ புதுப்பிக்கக் கட்டணம் 50 ரூபாய். ஒரு வருஷம் நினைவூட்டல் மெயில் வந்திருக்கு. யாருக்குத் தெரியுமா? அந்த நிறுவனத்துல இருந்து வேலையை விட்டுட்டுப் போன பழைய ஒருங்கிணைப்பாளரோட மெயில் ஐடிக்கு. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியல. அந்த வருஷம்தான் தம்பிக்கு வலிப்பு அடுக்கடுக்கா வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். சித்தப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில முன்பணம் வாங்கி பில் கட்டினார். அந்தக் கடன் முடிய பதினாலு மாசம் ஆச்சு.

ஐம்பது ரூபாய் இல்லாததால வந்த கடன் இல்லை அது. "தேதி முடியப்போகுது"ன்னு ஒரு வரி சொல்ல ஆள் இல்லாததால வந்த கடன்.

இன்னொண்ணு. தம்பிக்கு 18 முடிஞ்சதும் ஒரு நாள் சித்தி வங்கிக்குப் போனாங்க. கவுண்டர்ல, "பையன் மேஜர் ஆயிட்டான், இனிமே நீங்க கையெழுத்துப் போட முடியாது, கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. பெத்த அம்மாகிட்ட! சித்தி அழுதுக்கிட்டே எனக்கு போன் பண்ணினாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாது. வக்கீல் பீஸ் எவ்வளவு ஆகும்னுதான் விசாரிச்சேன், வெட்கத்தை விட்டுச் சொல்றேன்.

உண்மை என்னன்னா, கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துலயும் உள்ளூர் குழு ஒண்ணு இருக்கணும். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற நிறுவனத்தின் பிரதிநிதி ஒருத்தர், மாற்றுத்திறனாளி ஒருத்தர் அதுல இருப்பாங்க. அவங்ககிட்ட விண்ணப்பிச்சா சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று தருவாங்க. அந்தச் சான்றை ஏத்துக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2007லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. 2007! அப்போ தம்பி கைக்குழந்தை. அவன் மீசை முளைச்சு மேஜர் ஆனதுக்கு அப்புறமும் அந்தச் சுற்றறிக்கை எங்க ஊர் கவுண்டருக்கு வந்து சேரல. வங்கியும் சேவை வழங்குற இடம்தானே? அங்கயும் இதே கதைதான்.

கடைசியில அக்காதான் வேற ஒரு ஊர் பெற்றோர்கிட்ட கேட்டு வழி சொன்னாங்க. ஆக, அரசாங்கத் தகவல் அரசாங்கம் வழியா வரல. ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குச் சொல்லி வந்துச்சு.

தகவல் வராத இடத்துல வதந்தி வரும். நம்ம ஐடி விங் ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். 2024 அக்டோபர்ல மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளைத் திருத்தினாங்க. சான்று கொடுக்க ஒரு மாசம்னு இருந்த காலக்கெடு மூணு மாசம் ஆச்சு. அட்டையோட நிறத்தையும் விதியிலேயே எழுதினாங்க. 40 சதவீதத்துக்குக் கீழ வெள்ளை, 40 முதல் 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். இது ஒரு விஷயமே இல்லை. ஆனா அக்கா மையத்துப் பெற்றோர் குரூப்ல என்ன ஓடுச்சு தெரியுமா? "மஞ்சள் அட்டை வந்தா மாசம் 2000 ரூபாய் உதவித்தொகை நின்னுடும்"னு! ரெண்டு அம்மாக்கள் மருத்துவ முகாமுக்கே பிள்ளையைக் கூட்டிட்டுப் போகல. நிறம் சதவீதத்தைக் காட்டுற அடையாளம், அவ்வளவுதான்னு எடுத்துச் சொல்லி அவங்களைச் சமாதானப்படுத்த அக்காவுக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

சரி, இதைச் சரி பண்ண ராக்கெட் விஞ்ஞானம் வேணுமா? கரண்ட் பில் எவ்வளவுன்னு உங்க போனுக்கு எஸ்எம்எஸ் வருதா இல்லையா? ரேஷன்ல அரிசி வாங்கினா வீட்டுக்கு வர்றதுக்குள்ள மெசேஜ் வருதா இல்லையா? யுடிஐடிக்கு விண்ணப்பிக்கும்போது மொபைல் எண் வாங்குறாங்க. ஓடிபி அதுக்குத்தான் வருது. அதே எண்ணுக்கு, "உங்கள் மகனின் காப்பீடு இந்தத் தேதியில் முடிகிறது, இங்கே புதுப்பிக்கவும்"னு தமிழ்ல ரெண்டு வரி அனுப்ப முடியாதா? 17 வயசு முடியும்போதே பாதுகாவலர் சான்று பத்தி ஒரு மெசேஜ் போக முடியாதா? பிறந்த தேதி அவங்க டேட்டாபேஸ்ல இருக்கு. படிச்ச படிப்புக்கு மரியாதையா சொல்றேன், இது ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அளவு வேலை.

மையங்களுக்குப் போற சுற்றறிக்கையும் அப்படித்தான் இருக்கணும். முதல் பக்கம் தமிழ்ல, அந்த ஒரு பக்கத்துலயே முடிஞ்சுடணும்: என்ன மாறியிருக்கு, யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ள, சந்தேகம்னா யாரைக் கூப்பிடணும். சட்டப் பிரிவுகளை எல்லாம் பின்னாடி எத்தனை பக்கம் வேணும்னாலும் வச்சுக்கட்டும். குறைஞ்சது முப்பது நாள் அவகாசம் கொடுக்கணும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக வாசல்ல ஒட்டணும். ஒரு மெயில் ஐடியை மட்டும் நம்பக்கூடாது. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஆடியோ போடணும். ஏன், தம்பி மாதிரி ஆளுங்களுக்கே படம் போட்டு ஒண்ணு போடலாமே? அட்டை அவன் பேர்லதான் இருக்கு. அவனுக்குப் படம் நல்லாவே புரியும். பஸ் நம்பர் பார்த்து எங்களுக்கு முன்னாடி அவன்தான் கை காட்டுவான்.

ஆட்சியில யார் இருந்தாலும் இந்தக் கோரிக்கை இதேதான். மத்தியில ஒருத்தர், மாநிலத்துல ஒருத்தர்னு பந்தை மாத்தி மாத்தி உதைக்க வேண்டாம். நிராமயா மத்திய அரசு, உதவித்தொகை மாநில அரசு. பிள்ளை ஒரே பிள்ளை.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். இது கொஞ்சம் உறைக்கும்.

2024 மக்களவைத் தேர்தல்ல 40 சதவீதத்துக்கு மேல குறைபாடு உள்ளவங்க வீட்டுல இருந்தே வாக்களிக்க 12டி படிவம் கொடுத்தாங்க. அப்போ நம்ம பூத்துல எந்தெந்த வீட்டுல மாற்றுத்திறனாளி இருக்காங்கன்னு நம்மகிட்ட முழுப் பட்டியல் இருந்துச்சு. தெரு, கதவு எண், போன் நம்பர் எல்லாம். தேர்தல் அலுவலர்கள் பெட்டியோட போனப்போ கட்சி சார்பா கூடப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். வாக்குப்பதிவு முடிஞ்ச மறுநாள்ல இருந்து அந்த எக்ஸெல் ஷீட்டை யாரும் திறக்கல. நானும் திறக்கல. தலைமை ஒரு வீடியோ வெளியிட்டா ரெண்டு மணி நேரத்துல கடைக்கோடி கிளை வரைக்கும் கொண்டு போயிடுறோம்னு பெருமை பேசுறோமே, அந்த வலை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுக்கு மட்டும்தானா?

அப்புறம் இன்னொண்ணு, அட்மினா இருக்கிறதால சொல்றேன். எதிர் அணிக்காரங்களைத் திட்டுறதுக்கு "மென்டல்", "லூசு"ன்னு கமெண்ட் போடுறதை நிறுத்துங்க. உடல், மனக் குறைபாட்டை வச்சு இழிவா பேசக்கூடாதுன்னு 2023 டிசம்பர்ல தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியிருக்கு. அதுவும் ஒரு சுற்றறிக்கைதான், நம்ம பேருக்கே வந்தது. நம்மள்ல எத்தனை பேர் படிச்சோம்? அக்கா இந்தப் பக்கத்தைப் பார்ப்பாங்க. அவங்க மையத்துப் பெற்றோரும் பார்ப்பாங்க. இனிமே அந்த மாதிரி கமெண்ட் வந்தா நான் டெலீட் பண்ணுவேன், நம்ம ஆளா இருந்தாலும் சரி.

இனி வேலை. 12டி பட்டியல் உங்க பூத் பொறுப்பாளர்கிட்ட இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்குப் போங்க. கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், போட்டோவும் வேண்டாம். பிள்ளையோட போட்டோவை எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா மகா தப்பு. மூணே கேள்வி கேளுங்க: யுடிஐடி அட்டை இருக்கா? நாலு வகைக்குள்ள வர்ற பிள்ளைன்னா நிராமயா இருக்கா, எப்போ முடியுது? 18 முடிஞ்சிருந்தா பாதுகாவலர் சான்று வாங்கியாச்சா? அவங்க மேஜர் பிள்ளையா இருந்தா, அவங்ககிட்டயும் பேசுங்க, அம்மாகிட்ட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. ஆதார் எண், சான்றிதழ் எதையும் வாட்ஸ்அப்ல வாங்கிச் சேர்த்து வைக்காதீங்க. அவங்க போன்லயே, அவங்க முன்னாடியே விண்ணப்பிச்சுக் கொடுத்துட்டு வாங்க.

உங்க ஊர்ல சிறப்புப் பள்ளியோ பகல் நேர மையமோ இருந்தா அங்க இருக்கிற ஆசிரியர்கிட்ட உங்க நம்பரைக் கொடுங்க. ஆங்கிலத்துல பிடிஎஃப் வந்தா உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. படிச்சு, தமிழ்ல ஒரு நிமிஷ ஆடியோவா திருப்பி அனுப்புங்க. பிரிச்சுக்கிட்டா ஒருத்தருக்கு மாசம் ஒண்ணோ ரெண்டோதான் வரும்.

அந்தத் திங்கட்கிழமை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நானும் என் கூடப் படிச்ச ரெண்டு பசங்களும் மையத்துல உட்கார்ந்தோம். பதினாலு பேரோட எண்ணை ஏத்தினோம். மிச்சம் ஒன்பது பேருக்குப் புதுசா விண்ணப்பம் போட்டோம். ஒரு பாப்பாவுக்கு மட்டும் ஓடிபி போன அப்பா நம்பர் சுவிட்ச் ஆஃப், கேரளாவுல வேலையில இருந்தார். ராத்திரி ஒன்பதே காலுக்குத்தான் லைன்ல கிடைச்சார். ஒன்பதுல ஆறு பேருக்கு அட்டை வந்துடுச்சு. மூணு பேருக்கு இன்னும் மருத்துவக் குழுத் தேதி வரல, போன வாரம் கூட அக்கா கேட்டாங்க.

எந்த மாவட்டம், எந்த ஒன்றியம்னு கமெண்ட்ல போடுங்க. பக்கத்துல இருக்கிறவங்களை ஒரே குரூப்ல சேர்த்து விடுறேன்.

தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்